ஐநா ஒப்பந்தம் அமெரிக்கர்களின் துப்பாக்கியைப் பறிக்கிறதா? பயமுறுத்தும் கடிதங்களும் நன்கொடை வசூலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். இளவயது முதல் மான் வேட்டைக்குப் போய்ப் பழகியவர். மனைவி காலமான பிறகு தனியாகத்தான் இருக்கிறார். பனிக்காலத்தில் அவர் வீட்டு வாசலையும் சேர்த்து நான் சுத்தம் செய்துவிடுவேன், அவர் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுப்பார். அப்படி ஒருநாள் உட்கார்ந்திருந்தபோது அவருடைய சாப்பாட்டு மேஜையில் ஒரு கட்டுக் கடிதங்களைப் பார்த்தேன். அனுப்பியவர்கள் வேறு வேறு, செய்தி ஒன்றுதான்: ஐநா சபை ஒரு ஒப்பந்தத்தின் மூலம் உங்கள் துப்பாக்கியைப் பறிக்கப் போகிறது, தடுக்க வேண்டுமானால் இன்றே பணம் அனுப்புங்கள். பக்கத்திலேயே செக் புத்தகம் திறந்து கிடந்தது.

அன்று அவர் கேட்ட கேள்விகளையும், அதன்பிறகு இங்குள்ள தமிழ் நண்பர்கள் வாட்ஸப் ஃபார்வர்டுகளைக் காட்டிக் கேட்ட கேள்விகளையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். துப்பாக்கி வைத்துக்கொள்வது சரியா தவறா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அவர் வேட்டைக்குப் போவது அவருடைய உரிமை. இல்லாத ஒன்றைச் சொல்லி அவருடைய பென்ஷன் பணத்தை வாங்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கடிதங்களில் சொல்லும் "ஐநா சிறு ஆயுத ஒப்பந்தம்" எது?

அந்தப் பெயரில் ஒப்பந்தமே இல்லை. இருப்பது ஆயுத வர்த்தக ஒப்பந்தம். 2013 ஏப்ரல் 2 அன்று ஐநா பொதுச்சபையில் 154 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறியது. ஈரான், வடகொரியா, சிரியா மூன்றும் எதிர்த்து வாக்களித்தன. 23 நாடுகள் எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கிக்கொண்டன. 2014 டிசம்பர் 24 முதல் ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. இன்று 110-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உறுப்பினர்கள். அமெரிக்கா உறுப்பினர் இல்லை.

இதற்கு முன்பே, 2001-ல், சிறு ஆயுதங்களின் கள்ளக்கடத்தலைத் தடுக்க ஐநாவில் ஒரு செயல்திட்டம் ஏற்கப்பட்டது. அது ஒப்பந்தமே அல்ல, எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. கடிதங்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்து, புதுப்பெயர் வைத்துவிடுகின்றன. பெயரே தப்பாக இருக்கும் கடிதத்தில் மற்றதை நம்புவதற்கு முன் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது?

ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு ஆயுதம் போவதைப் பற்றி எழுதியிருக்கிறது. போர் டாங்கி, கவச வாகனம், பெரிய பீரங்கி, போர் விமானம், தாக்குதல் ஹெலிகாப்டர், போர்க்கப்பல், ஏவுகணை, கடைசியாகச் சிறு ஆயுதங்களும் இலகுரக ஆயுதங்களும் என்று எட்டு வகைகள். இவற்றை ஏற்றுமதி செய்யும் நாடு, அவை எங்கே போய்ச் சேரும், யாரைக் கொல்லும் என்று முதலில் பார்க்க வேண்டும். இனப்படுகொலைக்கோ மனித குலத்துக்கு எதிரான குற்றங்களுக்கோ பயன்படும் என்று தெரிந்தால் அனுப்பவே கூடாது என்கிறது 6-வது பிரிவு. மனித உரிமைகள் கடுமையாக மீறப்படும் ஆபத்து இருக்கிறதா என்று எடைபோடச் சொல்கிறது 7-வது பிரிவு. ஒப்பந்தத்தின் உயிர் இந்த இரண்டு பிரிவுகளில்தான் இருக்கிறது.

உள்நாட்டைப் பற்றி முகவுரையிலேயே சொல்லிவிட்டார்கள். தன் எல்லைக்குள் மட்டும் இருக்கும் ஆயுதங்களைத் தன் சட்டப்படி, தன் அரசமைப்பின்படி ஒழுங்குபடுத்தும் உரிமை அந்தந்த நாட்டுக்கே உண்டு என்று ஒரு பத்தி. பொழுதுபோக்கு, கலாசாரம், வரலாறு, விளையாட்டு ஆகியவற்றுக்காகச் சட்டப்படி ஆயுதம் வைத்திருப்பதையும் பயன்படுத்துவதையும் மனத்தில் கொள்கிறோம் என்று இன்னொரு பத்தி.

பெரியவருக்கு இதை என் போனில் எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "கடிதத்தில் இது இல்லையே" என்றார். ஆமாம், நான் பார்த்த ஒரு கடிதத்திலும் இல்லை. இன்னொன்றும் அவற்றில் இல்லை: பிரிவு எண். இத்தனாவது பிரிவு இப்படிச் சொல்கிறது என்று அந்தக் கட்டில் ஒரு கடிதம்கூட எழுதவில்லை.

உலகத் துப்பாக்கிப் பதிவேடு வரப்போகிறது என்கிறார்களே?

இந்தப் பயத்துக்கு ஒரு வேர் இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 12-வது பிரிவு பதிவேடுகளைப் பற்றிப் பேசுகிறது. ஒவ்வொரு நாடும் தான் கொடுத்த ஏற்றுமதி அனுமதிகளையோ நடந்த ஏற்றுமதிகளையோ பதிந்து வைக்க வேண்டும், குறைந்தது பத்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். தன் நாட்டுக்குள் வந்து சேரும் ஆயுதங்களையும் பதிந்து வைக்கும்படி ஊக்குவிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. பதிவில் சேர்க்கக்கூடிய விவரங்களில் "இறுதிப் பயனர்" என்ற சொல்லும், பொருத்தமான இடங்களில் என்ற அடைமொழியோடு வருகிறது.

இந்த "இறுதிப் பயனர்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பதிவேட்டுக் கதை முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது. கடையில் துப்பாக்கி வாங்கியவரின் பெயரும் முகவரியும் நியூயார்க்கில் ஐநா கட்டடத்துக்குப் போகும் என்பது அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. பதிவுகள் அந்தந்த நாட்டிலேயே இருக்கும். ஆண்டுதோறும் ஒப்பந்தச் செயலகத்துக்கு அனுப்பும் அறிக்கையும் ஏற்றுமதி, இறக்குமதி பற்றியதுதான். வணிக ரகசியமோ பாதுகாப்பு ரகசியமோ என்றால் அதிலிருந்தும் விட்டுவிடலாம். அமெரிக்காவில் மத்திய அரசு துப்பாக்கி உரிமையாளர் பதிவேடு உருவாக்குவதை 1986-ல் வந்த அந்நாட்டுச் சட்டமே தடுக்கிறது. அந்தச் சட்டம் அப்படியே இருக்கிறது.

அமெரிக்கா கையெழுத்துப் போட்டதே? அப்படியானால் சட்டமாகிவிட்டதா?

2013 செப்டம்பர் 25 அன்று வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி கையெழுத்திட்டது உண்மை. ஆனால் அமெரிக்காவில் கையெழுத்து என்பது நிச்சயதார்த்தம் மாதிரி. தாலி கட்டுவது செனட் சபையில். வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், நூறு பேரும் வந்தால் 67. ஒபாமா ஒப்பந்தத்தை செனட்டுக்கு அனுப்பியதே 2016 டிசம்பரில், பதவி முடியும் தறுவாயில். அது வாக்கெடுப்புக்கு வரவேயில்லை.

2019 ஏப்ரல் 26 அன்று இண்டியானாபொலிஸில், துப்பாக்கி உரிமைக்காகக் குரல்கொடுக்கும் பெரிய அமைப்பான தேசிய ரைஃபிள் சங்கத்தின் ஆண்டுக்கூட்டத்தில் டிரம்ப் மேடையிலேயே ஒரு தாளில் கையெழுத்திட்டு, அந்தப் பேனாவைக் கூட்டத்துக்குள் எறிந்தார். ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்பும்படி செனட்டுக்கு எழுதிய கடிதம் அது. ஜூலையில் அமெரிக்கா இதில் சேரப் போவதில்லை என்று ஐநாவுக்கு முறையாகத் தெரிவித்தார்கள். அதன்பின் வந்த பைடன் ஆட்சியும் மறுபடி கையெழுத்திடவில்லை.

கையெழுத்திட்ட நாளிலிருந்து விலகிய நாள்வரை ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் போயின. அந்த ஆறு ஆண்டில் இந்த ஒப்பந்தத்தைக் காரணம் காட்டி ஓர் அமெரிக்கர் வீட்டிலிருந்தும் துப்பாக்கி எடுக்கப்படவில்லை.

ஒருவேளை செனட் ஒப்புக்கொண்டிருந்தால்? ஒப்பந்தம் அரசமைப்புச் சட்டத்தை மிஞ்சிவிடாதா?

மிஞ்சாது. இதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. கிளாரிஸ் கோவர்ட் என்ற பெண் இங்கிலாந்தில் இருந்த அமெரிக்க விமானப்படைத் தளத்தில் தன் கணவரைக் கொன்றுவிட்டார். கணவர் படைவீரர், இவரோ படையில் இல்லாத சாதாரணக் குடிமகள். ஆனாலும் இரு நாட்டு உடன்பாட்டைக் காட்டி ராணுவ நீதிமன்றத்தில் ஜூரி இல்லாமல் விசாரித்துத் தண்டித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. வேறொரு நாட்டோடு செய்துகொண்ட எந்த உடன்பாடும் அரசமைப்பு தரும் உரிமைகளைப் பறிக்க முடியாது என்று 1957-ல் தீர்ப்பானது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கே அந்தப் பாதுகாப்பு கிடைத்தது என்றால், மான் வேட்டைக்காரருக்கு இல்லாமல் போகாது. அப்புறம், துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008-ல் ஹெல்லர் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எதிர்வாதம் செய்பவர்கள் 1920-ல் வந்த மிசௌரி வழக்கை எடுத்துக் காட்டுவார்கள். வலசைப் பறவைகளைக் காப்பது பற்றிய வழக்கு அது. ஒப்பந்தத்தின் பெயரால் மத்திய அரசு மாநிலங்களின் அதிகாரத்துக்குள் நுழையலாம் என்பது அதன் சாரம். மாநில அதிகாரம் வேறு, குடிமகனின் உரிமை வேறு. கடிதம் எழுதுபவர்களுக்கும் இந்த வேறுபாடு நன்றாகவே தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம், ஏனென்றால் அவர்களில் வழக்கறிஞர்களுக்குப் பஞ்சமில்லை.

இந்தப் புரளி எப்போது தொடங்கியது?

விரிவாகப் பரவியது 2006-ல் என்று சொல்லலாம். 2001 செயல்திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க அந்த ஆண்டு ஜூன் 26 முதல் ஜூலை 7 வரை நியூயார்க்கில் ஒரு மாநாடு. தலைவர் இலங்கைத் தூதர் பிரசாத் காரியவசம். ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, ஐநா கூடி உலகம் முழுவதும் துப்பாக்கியைத் தடைசெய்யப் போகிறது என்று அமெரிக்காவில் பிரசாரம் நடந்தது. தேசிய ரைஃபிள் சங்கம் உறுப்பினர்களைக் கடிதம் எழுதச் சொன்னது. ஐநாவுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்டனக் கடிதங்கள் வந்து குவிந்தன.

ஜூலை 4 ஐநா தலைமையகத்துக்கு விடுமுறை. அன்று கூட்டமே கிடையாது. மாநாட்டின் தொடக்க நாளிலேயே பொதுச்செயலாளர் கோஃபி அன்னான், உலகளாவிய துப்பாக்கித் தடை எதையும் இங்கே பேசவில்லை, சட்டத்தை மதிக்கும் குடிமக்களின் உரிமையை மறுக்கும் எண்ணமும் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். கடைசியில் அந்த மாநாடு முடிவறிக்கையில்கூட உடன்பாடு காண முடியாமல் கலைந்தது. உலகத்தின் துப்பாக்கிகளை எல்லாம் பிடுங்கப் போவதாகச் சொல்லப்பட்டவர்களால் ஒரு தாளைக்கூட நிறைவேற்ற முடியவில்லை.

அந்த லட்சம் கடிதங்களை எழுதியவர்களை நினைத்தால் எனக்கு வருத்தம்தான் வருகிறது. உட்கார்ந்து, உறை வாங்கி, தபால்தலை ஒட்டி எழுதியிருக்கிறார்கள். தங்கள் நாட்டின் மேல் அக்கறை உள்ளவர்கள்தான்.

2009-ல் ஒரு மின்னஞ்சல் சுற்றியதாமே?

ஆமாம். 2009 அக்டோபர் 14 அன்று அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஹிலரி கிளிண்டன், ஆயுத வர்த்தக ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் அமெரிக்கா கலந்துகொள்ளும், முடிவுகள் எல்லா நாடுகளின் ஒப்புதலோடு எடுக்கப்பட வேண்டும் என்று அறிக்கை விட்டார். முந்தைய புஷ் ஆட்சியின் நிலைப்பாட்டிலிருந்து இது மாற்றம். அது ஒரு நல்ல செய்திதான், செய்தி நிறுவனங்களும் சரியாகவே வெளியிட்டன.

சில நாட்களில் அதே செய்தியின் இணைப்பை அடியில் வைத்துக்கொண்டு ஒரு மின்னஞ்சல் கிளம்பியது. துப்பாக்கி உரிமையைத் தரும் அரசமைப்பின் இரண்டாவது திருத்தத்தைச் சுற்றிப் போகும் வழியை ஒபாமா கண்டுபிடித்துவிட்டார், எல்லாத் துப்பாக்கிகளையும் தடைசெய்யும் முதல் படி இது என்றது. செய்தியைத் திறந்து படித்தால் அதில் அப்படி ஒரு வரியும் இல்லை. அப்போது ஒப்பந்தத்தின் வாசகமே எழுதப்பட்டிருக்கவில்லை. உண்மைச் செய்தியின் இணைப்பு ஒன்று கீழே இருந்தால் போதும், பெரும்பாலோர் அதைத் திறந்து பார்க்க மாட்டார்கள் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் குடும்பக் குழுக்களில் வரும் ஃபார்வர்டுகளும் இதே வித்தையைத்தான் செய்கின்றன.

"துப்பாக்கி உரிமையை ஐநாவுக்கு விற்ற 46 செனட்டர்கள்" பட்டியல் உண்மையா?

பெயர்கள் உண்மை, கதை பொய். 2013 மார்ச் 23 அதிகாலையில், வரவுசெலவுத் தீர்மானத்தின் மீது ஓக்லஹாமா செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: அமெரிக்கா இந்த ஒப்பந்தத்தில் சேரக் கூடாது. ஆதரவு 53, எதிர்ப்பு 46. அந்த 46 பேரின் பெயர்களைப் போட்டுத்தான் பட்டியல் சுற்றியது, இன்னும் எங்காவது தலைகாட்டுகிறது.

அந்தத் தீர்மானம் சட்டம் ஆகாது. ஒப்பந்தம் ஐநாவில் நிறைவேறியதே பத்து நாள் கழித்து. அந்த 46 பேரும் ஆதரவாக நின்றாலும் 67-க்கு இன்னும் 21 பேர் வேண்டும். அந்த வாக்கெடுப்பைச் சரியாகப் படித்தால், இந்த ஒப்பந்தம் செனட்டில் தேறாது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. பயப்பட வேண்டாம் என்று சொல்லும் எண்ணையே பயமுறுத்துவதற்குப் பயன்படுத்திவிட்டார்கள்.

கடிதத்தைப் பார்த்து வசூல் கடிதம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரியவர் வீட்டில் நான் கையில் எடுத்துப் பார்த்த ஒரு கடிதத்தை அப்படியே சொல்கிறேன். உறை பழுப்பு நிறம், முகவரி தெரிய ஒரு ஜன்னல். அரசு அலுவலகத்திலிருந்து வந்தது போன்ற தோற்றம். மேலே சிவப்பில் "அவசரம்", கீழே ஒரு பதிவு எண். உள்ளே நாலு பக்கக் கடிதம். ஒவ்வொரு பத்தியும் இரண்டு வரி. முக்கியமான சொற்களுக்கு அடியில் நீல மையில் கோடு. கையால் போட்டது போலவே இருக்கும், விரலை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன், கலையவில்லை. அச்சடித்த கோடு.

கூடவே ஒரு தாளில் "தேசிய கருத்துக்கணிப்பு". உங்கள் துப்பாக்கியை வெளிநாட்டு அதிகாரிகள் பறிமுதல் செய்வதை ஆதரிக்கிறீர்களா? அமெரிக்க அரசமைப்பை ஐநா மாற்றுவதை ஒப்புக்கொள்கிறீர்களா? இப்படி நாலு கேள்விகள். நாலுக்கும் ஒரே பதில்தான் வர முடியும். ஐந்தாவது கேள்விக்கு மட்டும் பல கட்டங்கள்: 25 டாலர், 50, 100, 250, அல்லது நீங்கள் விரும்பும் தொகை. பெரியவர் நாலு கேள்விகளுக்கும் பென்சிலில் மிக நேர்த்தியாக டிக் போட்டு வைத்திருந்தார். தன் கருத்தை யாரோ வாஷிங்டனில் எண்ணிப் பார்ப்பார்கள் என்று நினைத்திருக்கிறார்.

ஒரே பதில் வரும்படி கேட்பது கருத்துக்கணிப்பு ஆகாது. இல்லை என்று நாலு முறை எழுதிய கை, ஐந்தாவதாகச் செக் எழுதத் தயங்காது என்பதுதான் கணக்கு. இன்னொரு பயனும் அவர்களுக்கு உண்டு. பதில் அனுப்பியவுடன், பணம் வைத்தாலும் வைக்காவிட்டாலும், இந்த முகவரியில் இந்த விஷயத்துக்குப் பதறும் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்துவிடும். அந்தப் பெயர்ப் பட்டியலுக்கே விலை உண்டு. ஓர் அமைப்பு இன்னோர் அமைப்புக்கு வாடகைக்கு விடும். பெரியவர் முதலில் பணம் அனுப்பியது ஒரே ஓர் இடத்துக்கு. மேஜையில் ஏழெட்டு இடங்களிலிருந்து கடிதம் கிடந்ததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கடிதத்தின் கடைசியில் கையெழுத்துக்குக் கீழே வரும் "பின்குறிப்பு" வரியையும் பாருங்கள். அவசரம் எல்லாம் அங்கேதான் இருக்கும். இத்தனாம் தேதிக்குள் அனுப்பினால் ஒருவர் உங்கள் தொகையை இரட்டிப்பாக்குவார் என்பார்கள். செனட்டில் அந்தத் தேதியில் எதுவும் நடக்கப் போவதில்லை.

சரி, பணம் எங்கே போகிறது?

எல்லா அமைப்பும் ஒன்றல்ல. நேர்மையாக வழக்கு நடத்தும், துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி தரும் அமைப்புகளும் இருக்கின்றன. கேட்க வேண்டியது இதுதான்: வாக்கெடுப்புக்கே வராத ஒப்பந்தத்தைத் தடுக்க என்ன செலவு? பெரும்பாலும் அடுத்த கடிதம்தான் செலவு. அச்சு, தபால், பட்டியல் வாடகை, கடிதம் எழுதித் தரும் நிறுவனத்தின் கட்டணம், சம்பளம்.

வரிவிலக்கு பெற்ற அமைப்புகள் ஆண்டுதோறும் அமெரிக்க வரித்துறைக்கு 990 என்ற படிவம் கொடுக்க வேண்டும். அது பொது ஆவணம், யாரும் பார்க்கலாம். பெரிய அமைப்புகளின் படிவத்தில் நிதி திரட்ட ஆன செலவு தனியாக இருக்கும், நிர்வாகிகளின் சம்பளமும் இருக்கும். அதைப் பார்க்காமல் செக் எழுத வேண்டாம். இன்னொன்று, அரசியல் கருத்துப் பிரசாரம் செய்யும் அமைப்புகள் பலவற்றுக்குக் கொடுக்கும் பணத்துக்கு உங்களுக்கு வரிச்சலுகை கிடையாது. கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் அதைப் போட்டிருப்பார்கள்.

உறுப்பினர் பணம் எப்படியெல்லாம் போகலாம் என்பதற்கு நீதிமன்றத்தில் நிரூபணமான உதாரணமும் இருக்கிறது. தேசிய ரைஃபிள் சங்கத்தை முப்பது ஆண்டுக்கு மேல் நடத்திய வெய்ன் லாபியேர் மீதும் சங்கத்தின் மீதும் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2020-ல் வழக்குத் தொடுத்தார். லாபியேர் 2024 ஜனவரியில் பதவி விலகல் அறிவித்தார். பிப்ரவரியில் ஜூரி, அவர் சங்கப் பணத்தைத் தவறாகச் செலவிட்டார் என்று முடிவுசெய்து, 43.5 லட்சம் டாலரைத் திருப்பித் தரச் சொன்னது. விசாரணையில் தனி விமானப் பயணச் செலவுகள் வெளியே வந்தன. அந்த வழக்கு ஒப்பந்தக் கடிதங்களைப் பற்றியது அல்ல, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் 2012 ஜூலையில் ஐநா மாநாட்டுக்கே நேரில் போய் இந்த ஒப்பந்தத்தை எதிர்த்துப் பேசியவர் அவர்தான்.

அப்படியானால் ஒப்பந்தத்தை எதிர்ப்பவர்கள் எல்லோரும் பொய்யர்களா?

இல்லவே இல்லை. நியாயமான ஒரு கேள்வி உண்டு. அமெரிக்காவில் விற்கும் துப்பாக்கிகளில் ஏராளமானவை வெளிநாட்டு நிறுவனங்களுடையவை: ஆஸ்திரியாவின் க்ளாக், இத்தாலியின் பெரெட்டா, பிரேசிலின் டாரஸ். மூன்று நாடுகளும் ஒப்பந்தத்தில் உறுப்பினர்கள். நாளைக்கு அந்த நாட்டு அரசுகள் 7-வது பிரிவைக் காட்டி அமெரிக்காவுக்கான ஏற்றுமதியைக் குறைத்தால்? அப்படி நடந்ததில்லை, நடக்கும் என்று நான் நினைக்கவும் இல்லை. ஆனாலும் வாசகத்தைப் படித்துவிட்டுக் கேட்கும் கேள்வி அது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கா ஒப்பந்தத்தில் சேர்ந்தாலும் விலகினாலும் அந்த ஆபத்து மாறாது, ஏனென்றால் கட்டுப்படுவது ஏற்றுமதி செய்யும் நாடு.

அமெரிக்காவில் ஆயுத ஏற்றுமதிக்கு 1976 முதலே கடுமையான சட்டம் இருக்கிறது, புதிதாக எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் கருத்துதான். இவர்களோடு வாதம் செய்யலாம். பழுப்பு உறைக்காரர்களோடு வாதம் செய்ய எதுவும் இல்லை.

ஆதரிப்பவர்கள் மட்டும் மிகைப்படுத்தவில்லையா?

மிகைப்படுத்தினார்கள். "வாழைப்பழ வியாபாரத்துக்கு இருக்கும் உலக விதிகள்கூட ஆயுத வியாபாரத்துக்கு இல்லை" என்பது ஒப்பந்தத்துக்காகப் போராடிய அமைப்புகளின் பிரபலமான முழக்கம். காதில் நிற்கும் வாசகம். அதைக் கேட்பவர், ஒப்பந்தம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொள்வார். பிரிட்டன் இந்த ஒப்பந்தத்தின் முன்னணி ஆதரவாளர், உறுப்பினர். ஏமனில் குண்டு போட்டுக்கொண்டிருந்த சவூதி அரேபியாவுக்கு அதே பிரிட்டன் ஆயுதம் விற்றது. உரிமம் வழங்கிய முறை சட்டப்படி சரியில்லை என்று 2019 ஜூனில் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டே அரசு மறுபரிசீலனை செய்துவிட்டதாகச் சொல்லி மீண்டும் உரிமம் வழங்கத் தொடங்கியது. ஒப்பந்தத்தின் உண்மையான பலவீனம் இங்கே இருக்கிறது: எடைபோடும் தராசு விற்பவன் கையிலேயே இருக்கிறது. எங்கள் பெரியவரின் அலமாரியை எட்டும் பலம் அதற்கு எங்கிருந்து வரும்?

இந்தியாவும் இலங்கையும் என்ன செய்தன?

இரண்டுமே 2013 வாக்கெடுப்பில் ஒதுங்கிக்கொண்டன. ஆயுதம் விற்கும் நாடுகளுக்குச் சாதகமாகவும் வாங்கும் நாடுகளுக்குப் பாதகமாகவும் இருக்கிறது என்பது இந்தியாவின் குறை. இந்தியாவில் துப்பாக்கி உரிமம் 1959 ஆயுதச் சட்டத்தின்படி நடக்கிறது, 2019-ல் அதைத் திருத்தி ஒருவர் மூன்று வைத்துக்கொள்ளலாம் என்பதை இரண்டாகக் குறைத்தார்கள். அது நாடாளுமன்றம் தானே செய்தது. ஐநாவுக்கு இதில் பங்கில்லை.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். இப்படிப்பட்ட அமைப்புக்குப் பணம் கொடுக்கலாமா?

கவனம். கிரீன் கார்டோ குடியுரிமையோ இல்லாதவர்கள் அமெரிக்கத் தேர்தல் தொடர்பாகப் பணம் கொடுக்கவே கூடாது, கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. வேட்பாளருக்கும் கூடாது, தேர்தலுக்காகப் பணம் திரட்டும் அரசியல் நடவடிக்கைக் குழுவுக்கும் கூடாது. துப்பாக்கி அமைப்புகள் பலவற்றுக்கு அப்படி ஒரு குழு தனியாக இருக்கும். ஒரே இணையப் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது எதை அழுத்துகிறோம் என்று பார்ப்பது முக்கியம். எந்தக் கட்சி, எந்தக் கருத்து என்றாலும் இதே விதிதான். அதேபோல, எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்வதற்கும் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை உண்டு. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருந்தாலும், வழக்கறிஞரிடம் கேட்காமல் அதில் இறங்காதீர்கள்.

வீட்டுப் பெரியவர் ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டார். இப்போது என்ன செய்வது?

முதலில் திட்டாதீர்கள். ஏமாந்தீர்கள் என்று சொன்னால் அவர்கள் கடிதத்தை மறைக்கத்தான் தொடங்குவார்கள். எங்கள் பெரியவரிடம் நான், "வாங்க, சேர்ந்து படிக்கலாம்" என்றுதான் சொன்னேன்.

கார்டு மூலம் கொடுத்திருந்தால் மாதாமாதம் தானாகப் பிடிக்கும்படி டிக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இணைய நன்கொடைப் பக்கங்களில் அந்த டிக் முன்கூட்டியே போடப்பட்டிருப்பது உண்டு. அந்த அமைப்புக்கு எழுதி நிறுத்தச் சொல்லுங்கள், நிற்காவிட்டால் வங்கியைக் கூப்பிட்டு அந்தக் கட்டணத்தைத் தடுக்கச் சொல்லுங்கள். பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கும்படியும் பிறருக்குத் தர வேண்டாம் என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். பெரியவருக்காக நான் எட்டு அமைப்புகளுக்கு அப்படி எழுதினேன். கடிதங்கள் உடனே நிற்கவில்லை. நாலைந்து மாதம் ஆனது, இன்னும் ஒன்றிரண்டு வருகின்றன. வந்தால் அவர் பிரிக்காமல் ஓரமாக வைத்திருப்பார், நான் போகும்போது சேர்ந்து பிரிப்போம். போன வாரம் வந்ததில் பென்சிலால் அவரே ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவைத்திருந்தார். பக்கத்தில் நடுங்கும் கையெழுத்தில் எழுதியிருந்தது: எந்தப் பிரிவு?